கிளாசிஃபையரை முந்தைய நாளே நட்டுப் பழகும் திட்டம் குறித்து நம் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

டெக்சாஸ் சுடுதளங்களில் வார இறுதிதோறும் கூடும் தமிழ் நண்பர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் நம்மிடையே இரண்டு பேச்சுகள் எழுந்தன. ஒன்று வெளிப்படையாகவே முன்வைக்கப்பட்டது. அடுத்த கைத்துப்பாக்கிப் போட்டியில் கிளாசிஃபையராக, அதாவது சுடுபவரின் வகுப்பை முடிவுசெய்யும் அளவுச் சோதனையாக, எல் பிரசிடென்டே என்ற பயிற்சியை வைக்கப்போவதாகக் கிளப் முன்கூட்டியே அறிவித்துவிட்டதால், ஊருக்கு வெளியே நண்பர் ஒருவரின் நிலத்தில் அதே மூன்று இலக்குகளை அதே தூரத்தில் நட்டு, முந்தைய நாள் காலை முதல் மாலை வரை அதையே திரும்பத் திரும்பச் சுட்டுப் பழகி, சி வகுப்பின் மேல் விளிம்பில் நிற்கும் நான்கு பேரையும் ஒரே மூச்சில் பி வகுப்புக்கு ஏற்றிவிடலாம் என்பது அது. மற்றொன்று, போட்டி முடிந்து காரின் பின்கதவைத் திறந்துவைத்து ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தபோது சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லப்பட்டது. பி-யைத் தொடப்போகிறவர்கள், இலையுதிர்காலத்துப் பெரிய போட்டி முடியும்வரை கிளாசிஃபையரைச் சற்று மெதுவாகச் சுட்டு சி-யிலேயே தங்கிவிட்டால், அங்கே சி வகுப்பின் முதல் கேடயம் நம்மவர் ஒருவருக்கு வந்து சேரும் என்பது அது. முதல் யோசனைக்குக் கைதட்டல் கிடைத்தது. இரண்டாவதற்குச் சிரிப்பு கிடைத்தது. நான் அப்போது எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்தது தவறு என்று பட்டதால் இப்போது எழுதுகிறேன். இரண்டையும் எதிர்க்கிறேன், இரண்டையும் ஒரே காரணத்துக்காகவே எதிர்க்கிறேன்.

நம் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அடிப்படையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் இந்த விளையாட்டுக்குத் தாமதமாகவே வந்தவர்கள். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் முதலான விலக்கு ஏதும் இல்லாதவரை, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருவதில்லை. கிரீன் கார்டுக்காகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, நாற்பது வயதுக்கு மேல் முதல் ஹோல்ஸ்டரை இடுப்பில் மாட்டியவர்கள் நாம். இழந்த காலத்தை ஈடுகட்டும் அவசரம் அதனாலேயே நமக்கு அதிகம் என்று நினைக்கிறேன். இந்த அவசரத்தை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அது இருந்தது.

நாம் கலந்துகொள்ளும் கைத்துப்பாக்கிப் போட்டிகளின் விதிகளை வகுக்கும் யூ.எஸ்.பி.எஸ்.ஏ. 1984-இல் தொடங்கப்பட்ட அமைப்பு. 1976-இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் உருவான ஐ.பி.எஸ்.சி. என்ற உலக அமைப்பின் அமெரிக்கக் கிளையாக உருவானது அது. துல்லியம், வலிமை, வேகம் ஆகிய மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் அடிப்படை. அந்தத் தராசுக்குப் பெயர்தான் ஹிட் ஃபேக்டர். பெற்ற புள்ளிகளை, எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தால் வருவது அது. நம்மில் பெரும்பாலோர் சுடும் கேரி ஆப்டிக்ஸ் (துப்பாக்கியில் ஒளிப்புள்ளிக் குறிநோக்கி பொருத்திச் சுடும்) பிரிவில், இலக்கு அட்டையின் ஏ பகுதியில் (இந்த எழுத்துகள் வகுப்புப் பெயர்கள் அல்ல) பட்டால் 5 புள்ளி, சி பகுதியில் பட்டால் 3, டி பகுதியில் பட்டால் 1. இலக்கைத் தவறவிட்டால் கிடைக்கவேண்டியது போவதோடு மேலும் 10 புள்ளி கழிக்கப்படும்.

எல் பிரசிடென்டேயையே எடுத்துக்கொள்வோம். 99-11 என்ற எண்ணில் இருக்கும் இந்த கிளாசிஃபையரின் மூலப் பயிற்சி ஜெஃப் கூப்பர் என்ற துப்பாக்கிப் பயிற்சியாளர் காலத்தது. பத்து கெஜத்தில் மூன்று இலக்குகள் நிற்கும். அவற்றுக்கு முதுகைக் காட்டி, கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பஸர் அடித்ததும் திரும்பி, துப்பாக்கியை உருவி, இலக்குக்கு இரண்டாக ஆறு முறை சுட்டு, மேகசினை (தோட்டாக் கூட்டை) மாற்றி, மறுபடியும் இலக்குக்கு இரண்டாக ஆறு முறை சுட வேண்டும். மொத்தம் 12 தோட்டா, அதிகபட்சம் 60 புள்ளி. கூடுதலாக ஒன்று சுட்டுத் தவறைச் சரிக்கட்டவும் வழியில்லை, அதற்கும் தண்டப் புள்ளி உண்டு. பன்னிரண்டும் ஏ-யில் விழுந்து 6 விநாடி ஆனால் ஹிட் ஃபேக்டர் 10. எட்டு ஏ-யும் நான்கு சி-யுமாக 52 புள்ளி எடுத்து 5 விநாடியில் முடித்தால் 10.4. அதாவது, சற்றுச் சிதறினாலும் ஒரு விநாடி வேகமாகச் சுட்டவர் முந்திவிடுகிறார். ஆனால் அதே 5 விநாடியில் பதினோரு ஏ-யும் ஒரு தவறலும் என்றால் 55-இல் 10 போய் 45. ஹிட் ஃபேக்டர் 9-க்கு இறங்கிவிடுகிறது. இந்த மூன்று எண்களுக்கு இடையில்தான் நம் ஆசையும் பயமும் இழுபட்டுக்கொண்டிருக்கின்றன.

இப்படி வந்த ஹிட் ஃபேக்டரை, அந்த கிளாசிஃபையருக்கும் அந்தப் பிரிவுக்கும் அமைப்பு குறித்து வைத்திருக்கும் உச்ச ஹிட் ஃபேக்டரோடு ஒப்பிட்டுச் சதவீதமாக்குகிறார்கள். 95 முதல் கிராண்ட் மாஸ்டர், 85 முதல் மாஸ்டர், 75 முதல் ஏ, 60 முதல் பி, 40 முதல் சி, அதற்குக் கீழே டி. முதல் வகுப்பைப் பெற ஒரு பிரிவில் குறைந்தது நான்கு கிளாசிஃபையர் மதிப்பெண் வேண்டும். அதன் பிறகு, கடைசியாகச் சுட்ட எட்டில் சிறந்த ஆறின் சராசரிதான் நம் சதவீதம். வகுப்பு ஏறும், தானாக இறங்காது. ஒரு முறை ஏ என்று அட்டையில் ஏறிவிட்டால், அடுத்த ஓராண்டு முழுக்கச் சொதப்பினாலும் ஏ-தான்.

எட்டில் ஆறு, இறங்காத ஏணி ஆகிய இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு என் கணக்கையே காட்டுகிறேன். நான் ஏ வகுப்புக்கு ஏறிய நாளில் என் பெயரில் இருந்த எட்டு மதிப்பெண்கள் இவை: 82, 79, 77, 76, 75, 64, 31, 22. சிறந்த ஆறின் கூட்டுத்தொகை 453, சராசரி 75.5. ஏ வகுப்பு வந்துவிட்டது. எட்டையும் கூட்டிப் பார்த்தால் 506, சராசரி 63.25; அதாவது பி-யின் கீழ்ப்படியில் இருக்கும் ஒருவன். அந்த 31-உம் 22-உம் நான் சுட்டவைதான். ஆனால் அவை யார் கணக்கிலும் இல்லை. கொஞ்ச நாளில் என் கணக்கிலும் இல்லாமல் போயின.

அந்த 82 எப்படி வந்தது என்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்கு முந்தைய மூன்று வாரங்கள், இரவு குழந்தைகள் தூங்கிய பிறகு கேரேஜில் வெற்றுத் துப்பாக்கியோடு அந்த ஒரே கிளாசிஃபையரைப் பழகினேன். கார் நிற்கும் இடத்தின் எதிர்ச்சுவரில், அளவைச் சுருக்கி வெட்டிய அட்டை இலக்குகளை ஒட்டியிருந்தேன். டைமர் பஸர், உருவல், மேகசின் மாற்றம், மறுபடி பஸர். போட்டியன்று என் முறை வந்தபோது மூளைக்கு வேலையே இல்லை. கைகள் பாட்டை மனப்பாடமாக ஒப்பித்தன. நடுவரான ரேஞ்ச் ஆபீசர் அட்டைக்கு அருகில் குனிந்து, ஏ-க்கும் சி-க்கும் நடுவில் ஊசித் துளைகளாக ஓடும் அந்தக் கோட்டை ஒரு தோட்டா தொட்டிருக்கிறதா என்று பார்த்து, தொட்டிருக்கிறது என்று ஏ கொடுத்தார். பழுப்புத் தாள் துண்டால் நானே அந்தத் துளையை ஒட்டினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கார் மிதப்பதுபோல இருந்தது.

மிதப்பு இரண்டு மாதம் நீடித்தது. பிறகு பல மாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்த ஒரு வட்டார அளவுப் போட்டிக்குப் போனேன். அங்கே ஏட்டில் எழுதிவைத்த உச்ச ஹிட் ஃபேக்டர் கிடையாது. அன்று அந்த ஸ்டேஜில் (போட்டியின் தனித்தனிச் சுடும் சுற்று ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஜ்) நம் பிரிவில் மிகச் சிறப்பாகச் சுட்டவரே அளவுகோல். நீண்ட ஸ்டேஜ்களுக்கு 32 தோட்டா வரை தேவைப்பட்டன; ஜன்னல் வழியாக, தடுப்புக்குப் பின்னிருந்து, குனிந்து, ஓடி நின்று, நகரும் இலக்கு வெளியே வரும் கணத்துக்காகக் காத்திருந்து சுட வேண்டியிருந்தது. எங்கே நிற்பது, எந்த இலக்கை எந்த இடத்திலிருந்து எடுப்பது, மேகசினை எந்த நடையில் மாற்றுவது என்று சில நிமிடங்களுக்குள் திட்டமிட வேண்டியிருந்தது. என் இறுதிச் சதவீதம் 61. ஏ வகுப்பில் வந்தவர்களில் எனக்குக் கீழே ஒருவர்தான் இருந்தார். அவருக்கும் மூன்றாவது ஸ்டேஜில் துப்பாக்கி மக்கர் செய்திருந்தது. கேரேஜில் நின்ற இடத்திலேயே நின்று ஒப்பித்தவனுக்கு, இரண்டு அடி நகர்ந்து சுடத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. இப்படி ஏறியவர்களை இங்குள்ள போட்டியாளர்கள் 'பேப்பர் ஜி.எம்.', அதாவது காகிதத்தில் மட்டும் கிராண்ட் மாஸ்டர் என்று கேலி செய்வார்கள். நான் பேப்பர் ஏ. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை என்று என் மனைவி சொன்னாள், பொருத்தம்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் நான்கு நண்பர்களுக்கும் நாம் கைதட்டித் தயாரித்துக்கொண்டிருப்பது இதே மிதப்பைத்தான். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அந்தத் திட்டம் விதிமீறல் அல்ல. கிளாசிஃபையர்களின் வரைபடங்கள் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றன. சொந்த நிலத்தில் அட்டை நடுபவரை யாரும் கேட்கப் போவதில்லை. சில கிளப்புகளில் கட்டணம் கட்டி, வகுப்புக் கணக்குக்காக மட்டும் அதே கிளாசிஃபையரை இன்னொரு முறை சுடவும் விடுகிறார்கள். இருந்தும், ஒரு நாள் முழுக்க ஒரே பாட்டைப் பழகி மறுநாள் ஒப்பித்தால், கிளாசிஃபையர் அளப்பது நம் மனப்பாடத்தை. அந்த மதிப்பெண்ணைப் பார்த்து அவர் எதைத் திருத்திக்கொள்வார்? உருவுவது மெதுவா, மாற்றுவது மெதுவா, இரண்டாவது குண்டு ஏன் எப்போதும் கீழே இடப்பக்கம் போகிறது என்று சொல்லக்கூடிய ஒரே கருவியை அவரே பொய் சொல்லப் பழக்குகிறார். தராசின் முள்ளை விரலால் நகர்த்திவிட்டு எடை பார்ப்பது போன்றது அது.

குழுவில் 58.9 சதவீதத்தில் நிற்கும் தம்பிக்கு இதில் வருத்தம் வரலாம் என்று தெரியும். ஒரு நல்ல மதிப்பெண் போதும், பி வந்துவிடும் என்று அவர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரும். ஆனால் வந்த பின் இறங்காது என்பதையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். 58.9-இல் இருக்கும் ஒருவர் சி வகுப்பில் முன்வரிசைக்காரர். பெரிய போட்டிகளில் தன் நிலைக்கு ஒத்தவர்களோடு மோதிக் கற்றுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறார். மனப்பாடத்தால் 61 ஆனவர் பி-யின் கடைசி வரிசையில் போய் நின்று, இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு பெரிய போட்டியிலும் தன் வகுப்பின் அடியிலேயே முடிக்க நேரிடும். நான் ஏ-யில் அப்படித்தான் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது யோசனைக்கு வருகிறேன். இதற்குச் சாண்ட்பேகிங் என்று பெயர். நாம் சிரித்துக்கொண்டே சொன்னாலும் பெயர் அதுதான். வகுப்பு தானாக இறங்காது என்ற விதி இருப்பதற்கு ஒரு முக்கியமான காரணம் இந்த ஏமாற்றுதான். வேண்டுமென்றே மட்டமாகச் சுட்டு ஒருவர் கீழே இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கதவை மூடினார்கள். பிரிவு மாற்றித் தப்பிக்கவும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது: ஒரு பிரிவில் ஏ வாங்கியவர் மற்றப் பிரிவுகளில் பி-க்குக் கீழே வகுப்பு பெற முடியாது. மேலே ஏறாமல் கீழேயே தங்கிக்கொள்வதற்கான சந்து ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. அதில்தான் நாம் நுழையப் பார்க்கிறோம். சி வகுப்புக் கேடயத்துக்காக உண்மையாக உழைக்கும் ஆள் யார் என்று நமக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் நேரம் கிடைக்கும் நர்ஸ், ஓய்வுபெற்ற தபால்காரர், ஐம்பது டாலருக்கு வாங்கிய தோட்டாக்களை எண்ணி எண்ணிச் சுடும் கல்லூரிப் பையன். அவர்கள் கையிலிருந்து எடுத்துவந்த மரப்பலகையை எந்தச் சுவரில் மாட்டப்போகிறோம்? இதைச் சிரித்துக்கொண்டு கேட்க என்னால் முடியவில்லை.

வேறு முறைகள் இதைவிட நன்றாக இருக்கின்றனவா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 1996-இல் தொடங்கிய ஐ.டி.பி.ஏ. என்ற மற்றொரு கைத்துப்பாக்கிப் போட்டி அமைப்பில், கிளாசிஃபையர் தவிர, அமைப்பின் அனுமதி பெற்ற பெரிய போட்டியில் தன் வகுப்பில் போதுமான பேரை வென்று முதலிடம் பெற்றவரை மேல் வகுப்புக்கு ஏற்றும் வழியும் உண்டு. சாண்ட்பேகருக்கு அது நல்ல மருந்து. கேடயம் வாங்கிய அன்றே வகுப்பு போய்விடும். நின்ற இடத்திலிருந்து வட்ட இலக்கில் சுடும் புல்ஸ்ஐ பிஸ்டலில் கணக்கு இன்னும் கறாரானது: 97 சதவீதம் முதல் ஹை மாஸ்டர், 95 முதல் மாஸ்டர், 90 முதல் எக்ஸ்பர்ட். அங்கே சதவீதம் என்பது மற்றவரோடு ஒப்பிடுவது அல்ல. அதிகபட்ச மதிப்பெண்ணில் எவ்வளவு எடுத்தோம் என்பது மட்டுமே. என் தங்கை மகள் தமிழ்நாட்டில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். மாவட்டம், மாநிலம், பிறகு தகுதிப் போட்டிகள் என்று தேசியப் போட்டி வரை படிப்படியாகப் போக வேண்டிய அவளுக்கு, ஒவ்வொரு படியிலும் குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண் என்ற ஒன்று காத்திருக்கிறது. 60 குண்டு, அதிகபட்சம் 654. நடுப்புள்ளியாகிய பத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். அறுபதும் எண்ணப்படும். 'மாமா, உங்களுக்கு மட்டும் மோசமானதை எடுத்துப்போட்டுவிடுவார்களா?' என்று அவள் ஒரு நாள் போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை.

ஆனாலும் எட்டில் ஆறு என்ற விதியை நான் குறை சொல்லமாட்டேன். துப்பாக்கி மக்கர் செய்யும் நாள் உண்டு, மேகசின் கைநழுவி மண்ணில் விழும் நாள் உண்டு, கண்ணாடியில் வியர்வை வழியும் ஜூலை மாத மதியம் உண்டு. ஒரு விபத்துக்காக ஒருவரை ஓராண்டு தண்டிக்க வேண்டாம் என்பது நியாயமான எண்ணம். அந்த இரண்டு இடங்களை விபத்துக்கென்று விட்டுவைத்தார்கள். நாமோ அவற்றைச் சூதாட்டத்துக்கு முதலாகப் போடுகிறோம். கண்ணை மூடிக்கொண்டு வேகத்தை ஏற்றி, விழுந்தால் 82, விழாவிட்டால் 22, அந்த 22 எப்படியும் உதிர்ந்துவிடும் என்று சுடுகிறோம். என் எட்டு மதிப்பெண்களைத் திரும்பப் பாருங்கள். நடுவில் 64 ஒன்றுதான். மற்றதெல்லாம் மேலே அல்லது அதலபாதாளத்தில்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வரும் போட்டியில் எல் பிரசிடென்டேயை அன்றைய ஐந்தாவது ஸ்டேஜைப் போலவே சுடுங்கள். அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். உதிர்ந்த இரண்டையும் சேர்த்து எட்டின் சராசரியையும் ஒவ்வொருவரும் தனியாகக் குறித்து வையுங்கள். நம் குழுவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் எண் அதுவாக இருக்கட்டும். அந்த எண் 60-ஐத் தாண்டும் நாளில் கைதட்டுவோம். என் அட்டையில் ஏ இருந்தாலும் என் எண் இன்று 66.4 என்பதை முதல் ஆளாக நானே சொல்லிவிடுகிறேன். இலையுதிர்காலப் போட்டிக்குப் பதிவு செய்யும்போது யாருக்கு எந்த வகுப்பு வருகிறதோ அந்த வகுப்பில் போவோம்.

வெள்ளிக்கிழமை அந்த நிலத்துக்கு நானும் வருகிறேன். திட்டத்தை முழுக்கக் கைவிட வேண்டாம். அட்டைகளை மட்டும் வேறு மாதிரி நடுவோம். ஒன்றை ஏழு கெஜத்தில், ஒன்றை இருபதில், மூன்றாவதை ஒரு பீப்பாய்க்குப் பின்னால் பாதி மறைத்து வைப்போம். இரண்டு இடங்களைக் கோடு கிழித்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்ந்தே சுட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் யாராவது ஒருவர் அட்டைகளை இடம் மாற்றிவிட வேண்டும். ஒட்டுத்தாள் என்னிடம் இரண்டு பெட்டி இருக்கிறது, டைமரும் கொண்டுவருகிறேன். ஏழு மணிக்கு வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்துவிடலாம். ஃபிளாஸ்க் யார் கொண்டுவருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்